எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு 74 வயதில் நடக்கலாமா?

கேள்வி இது: அப்பாவுக்கு 74 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். போன வருடம் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது, எலும்புக்கும் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, தினமும் அபிராடெரோன் என்ற, ஆண் ஹார்மோனை இன்னும் குறைக்கும் மாத்திரை. பி.எஸ்.ஏ. (இந்தப் புற்றுநோயின் போக்கைக் காட்டும் ரத்தச் சோதனை அளவு) நன்றாக இறங்கிவிட்டது. டாக்டர் "வழக்கம்போல இருங்க" என்கிறார். ஆனால் அப்பா பாதி நாள் படுத்தேதான் இருக்கிறார், எழுந்தாலே அசதி என்கிறார். அம்மா "எலும்பு ஒடிஞ்சிடும்" என்று வாசல்வரைகூட விடுவதில்லை. அவர் நடக்கலாமா, பயிற்சி செய்யலாமா, என்ன சாப்பிடலாம்?

நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கும் மேலாகப் புற்றுநோய் நோயாளிகளோடுதான் வேலை. இதே கேள்வியை மாதத்தில் பல முறை கேட்கிறேன். பெரும்பாலும் மகனோ மகளோதான் கேட்பார்கள், அப்பாவின் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நடக்கலாம். நடந்தே ஆக வேண்டும். எப்படி நடப்பது, எவ்வளவு நடப்பது, எதைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் முடிவு செய்கிறது: எந்த எலும்பு?

"எலும்புக்குப் பரவிடுச்சு" என்று கேட்டதுமே உடம்பிலுள்ள எல்லா எலும்பும் கண்ணாடியாகிவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இடங்கள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கும். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி ஆகிய இடங்களில் போய் உட்காரும். ஒருவருக்கு விலாவில் இரண்டு சின்னப் புள்ளி இருக்கும். இன்னொருவருக்குத் தொடை எலும்பின் கழுத்தில் பெரிய இடமே அரித்திருக்கும். வீட்டுப் பேச்சில் இரண்டுமே "எலும்புக்குப் பரவியது"தான். முதலாமவர் தாராளமாக நடந்து கால் பயிற்சியும் செய்யலாம். இரண்டாமவர் எலும்பு அறுவை டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் காலில் முழு பாரம் போடவே கூடாது. ரிப்போர்ட்டைப் பார்க்காமல் "நடங்க" என்று சொல்வதும் தப்பு, "படுங்க" என்று சொல்வதும் தப்பு. பல வீடுகளில் இரண்டாவது தப்புதான் நடக்கிறது, அதுவும் அன்பினால் நடக்கிறது.

அந்த அசதி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் புராஸ்டேட் புற்றுநோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் அப்பா போட்டுக்கொள்ளும் ஊசி அந்த வழியில் வந்ததுதான். ஊசி வேலை செய்கிறது, பி.எஸ்.ஏ. இறங்கியதே சாட்சி. ஆனால் அதே ஹார்மோன்தான் ஆணின் தசையையும் எலும்பையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அது போனதும் தசை கரைகிறது, வயிற்றில் கொழுப்பு ஏறுகிறது, எலும்பு மெலிகிறது, சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் கூடுகின்றன. புற்றுநோய் இல்லாத இடத்து எலும்பும் மெலியும் என்பதைக் கவனியுங்கள். "கால் துவளுது", "படி ஏறினா மூச்சு வாங்குது", "உள்ளுக்குள்ள திடீர்னு வெந்நீர் ஊத்தின மாதிரி இருக்கு" என்றெல்லாம் அப்பா சொன்னால், நோய் முற்றுகிறது என்று உடனே பயந்துவிட வேண்டாம். பல சமயம் அது மருந்தின் விலை.

இந்த நிலையில் ஓய்வு கொடுத்தால் என்ன ஆகும்? 2007-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். எந்த நோயும் இல்லாத, சராசரி 67 வயதுடைய ஆட்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை போய்விட்டது. நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி. ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் 74 வயதுக்காரர் மாதக்கணக்கில் பாதி நாள் படுத்திருந்தால் கால் எப்படி நிற்கும்? கால் தளர்ந்ததும் அசதி கூடுகிறது. அசதி கூடியதால் இன்னும் படுக்கிறார். கடைசியில் ஒருநாள் பாத்ரூமுக்குப் போகும்போது விழுகிறார். அம்மா எதற்குப் பயந்தாரோ அதுவே நடக்கிறது.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அப்பாவின் வயதுதான் அந்தப் பெரியவருக்கும். விலாவிலும் இடுப்பெலும்பில் ஒரு பக்கமும் புள்ளிகள் இருந்தன. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கட்டிலைச் சுற்றி எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது: தண்ணீர்ச் சொம்பு, மூடிபோட்ட டம்ளர், மாத்திரை டப்பா, செய்தித்தாள், கண்ணாடி, கட்டிலுக்கு அடியில் சிறுநீர்க் குடுவை. அந்த அம்மா ஐம்பது வருடத்து அன்பையெல்லாம் அந்த ஒரு முழ தூரத்துக்குள் அடுக்கி வைத்திருந்தார். பெரியவர் எழுந்து நிற்க வேண்டிய காரணம் ஒன்றுகூட மிச்சமில்லை. எழுந்து நிற்கச் சொன்னேன். இரண்டு கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றி, மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தார். எழுந்த பிறகு முழங்கால் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குப் பயிற்சி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த அம்மாவிடம், "அம்மா, சொம்பை மட்டும் ஜன்னல் திண்ணைக்கு மாத்திடுங்க" என்றேன். "எழுந்து போய் விழுந்துட்டார்னா?" என்று கேட்டார். "முதல் ரெண்டு நாள் நீங்க பக்கத்துல நில்லுங்க, ஆனா சொம்பை எடுத்துக் கொடுக்காதீங்க" என்றேன். ஒரு வாரம் கழித்துச் சொம்பு கூடத்துக்கு வந்தது, அப்புறம் சமையலறைக்கு. மாத்திரை டப்பா சாமி அலமாரிக்குப் போனது. ஒரு நாளில் எத்தனை முறை தண்ணீர் குடிப்போம், எத்தனை முறை மாத்திரை எடுப்போம் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் அவர் உட்கார்ந்து எழுந்தார். ஆறாவது வாரம் நான் போனபோது வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கை ஊன்றாமல். "நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகைன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் அந்த அம்மா.

"இதெல்லாம் சரி, எலும்பில் புற்றுநோய் இருக்கும்போது பயிற்சி பாதுகாப்பு என்று யாராவது சோதித்திருக்கிறார்களா?" என்று கேட்பீர்கள். சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் எடித் கோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய 57 பேரை வைத்து நடத்திய ஆய்வை 2018-இல் வெளியிட்டது. சராசரி வயது 70. பாதிப் பேருக்கு மூன்று மாதம், வாரத்துக்கு மூன்று நாள் மேற்பார்வையோடு பயிற்சி. அவர்கள் வைத்துக்கொண்ட விதிதான் முக்கியம்: எந்த இடத்தில் புள்ளி இருக்கிறதோ அந்த இடத்தில் பாரம் ஏற்றாமல், மற்ற இடங்களுக்கெல்லாம் பயிற்சி. பயிற்சியால் யாருக்கும் எலும்பு முறியவில்லை, எலும்பு வலியும் கூடவில்லை. கால் வலு கூடியது, அன்றாட வேலைகள் எளிதாயின. இதற்கும் முன்பே, 2003-இல், கனடாவில் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 155 ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு அசதி குறைந்தது. எடையைத் தூக்கினால் அசதி கூடும் என்றுதான் நாம் நினைப்போம், நடந்தது நேர்மாறு.

உடற்பயிற்சி புற்றுநோயைக் குணப்படுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. 2025-இல் பெருங்குடல் புற்றுநோயில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அறுவையும் கீமோவும் முடிந்த 889 பேரில், மூன்று வருடம் முறையான பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90 சதவீதம், உடல்நலக் குறிப்புப் புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 83 சதவீதம். எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அது வேறு நோய், வேறு கட்டம். அதை உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருத்திச் சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். அவர் விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: அவர் இருக்கப்போகும் வருடங்களில் தானே எழுந்து, தானே குளித்து, தானே கடைக்குப் போய்வரும் ஆளாக இருப்பதற்கு இதைவிட நல்ல வழி எங்கள் கையில் இல்லை.

இப்போது இடத்துக்கு இடம் என்ன கவனம் என்று சொல்கிறேன். முதுகெலும்பில் இருந்தால் குனிந்து தூக்குவது, இடுப்பை முறுக்குவது, முன்னால் மடங்குவது மூன்றும் வேண்டாம். யோகா செய்து பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சூரிய நமஸ்காரம், பச்சிமோத்தாசனம், முதுகைத் திருகும் ஆசனங்கள் எல்லாம் நிறுத்த வேண்டியவை. மூச்சுப் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் கை கால் அசைவுகள் தொடரலாம். இடுப்பிலோ தொடை மேல்பகுதியிலோ இருந்தால் குதிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது, இந்தியக் கழிப்பறையில் குந்துவது வேண்டாம். விலாவிலோ தோளிலோ இருந்தால் தண்டால், தலைக்கு மேலே எடை தூக்குவது வேண்டாம். இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்ப்பது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, பேரனைத் தரையிலிருந்து வாரித் தூக்குவது மூன்றும் எந்த எலும்பாக இருந்தாலும் வேண்டாம். பேரன் மடியில் ஏறி உட்காரட்டும், அதில் தப்பில்லை. இன்னொன்று, டூவீலர் பின்சீட்டு. வேகத்தடையில் ஒரு தூக்கு தூக்கிப் போடும்போது முதுகெலும்பு வாங்கும் அடி, ஒரு மாதம் நடந்தாலும் வராது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போங்கள், மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது? டாக்டர் சம்மதித்த பிறகு, கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுவரை உள்ள ஆணுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே என்றால் கால் பலவீனம் என்று கணக்கு. ஒன்றுகூட முடியவில்லையா, கை ஊன்றியே எழட்டும். அதையே பயிற்சியாக்கிவிடலாம்: காலையில் ஐந்து, மாலையில் ஐந்து, முடிந்தால் வாரத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இதோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலே பாதி கிணறு தாண்டியாகிவிட்டது.

நடை என்றால் ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். உண்மையாகவே ஐந்து நிமிடம், கூடத்திலேயே. அரை மணி நேரம் நடந்துவிட்டு இரண்டு நாள் படுப்பதைவிட ஐந்து நிமிடம் மூன்று வேளை நடப்பது நல்லது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். மெல்ல மெல்ல வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்ற இடத்துக்கு வந்தால் போதும். புற்றுநோய் நோயாளிகளுக்கு உலகம் முழுக்கச் சொல்லும் அளவும் ஏறத்தாழ அதுவே. கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். கோயில் பிரகாரம் நல்ல இடம், நிழலும் உண்டு, உட்காரத் திண்ணையும் உண்டு. ஆனால் வெறுங்காலோடு சுடுகல்லில் நடக்க விடாதீர்கள், சர்க்கரை இருந்தால் கட்டாயம் கூடாது. அசதியாக இருக்கும் நாளில் முழுசாக விட்டுவிடாமல் பாதியாக்குங்கள். காய்ச்சல் அடிக்கும் நாளில் மட்டும் முழு ஓய்வு.

விழாமல் இருப்பது பயிற்சியைப் போலவே முக்கியம். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவார், இல்லையா? அந்த வழியில் கால்மிதி, ஒயர், வாளி எதுவும் இருக்கக்கூடாது. சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். கழிப்பறைச் சுவரில் பிடிமானக் கம்பி ஒன்று பதித்துவிடுங்கள். கொத்தனாருக்கு ஒரு மணி நேர வேலை. சிறுநீர் தடையில்லாமல் போவதற்கு டாம்சுலோசின் மாத்திரை எடுக்கிறாரா என்று பாருங்கள். அது சிலருக்குப் படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தத்தை இறக்கித் தலைசுற்ற வைக்கும். எழுந்து, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் நிற்கச் சொல்லுங்கள். அப்பாவின் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டி, "இதில் எது இன்னும் வேண்டும்?" என்று கேளுங்கள். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர் என்று எழுதியது சேர்ந்து சேர்ந்து ஒரு டஜன் ஆகியிருக்கும்.

இப்படி முழு ஆளாகப் பார்ப்பதற்கென்றே முதியோர் மருத்துவம் என்ற துறை இருக்கிறது. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 718 புற்றுநோய் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வந்தது. நடை, ஞாபகம், மனநிலை, சாப்பாடு, மாத்திரைகள் எல்லாவற்றையும் மதிப்பிட்டு அந்த விவரத்தைப் புற்றுநோய் டாக்டரிடம் கொடுத்த குழுவில் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் 51 சதவீதம், கொடுக்காத குழுவில் 71 சதவீதம். சென்னைக்கு வந்துபோக முடியும் என்றால், கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மையத்தில் இந்த மதிப்பீட்டைக் கேட்கலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். நோயாளி என்றதும் நம் வீடுகளில் கஞ்சிதான். மூன்று வேளையும் கஞ்சி, ரசம் சாதம், இட்லி. வயிறு நிறையும், ஆனால் தசைக்கு வேண்டிய புரதம் அதில் சொற்பம். அப்பாவின் எடை 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 70, 75 கிராம் வரை புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு தேவை என்று புரியும். ஒரே வேளையில் திணிக்க வேண்டாம். காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, பதினொரு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் மீனோ கெட்டியான பருப்போ, மாலையில் பொட்டுக்கடலை மாவு கலந்த பால், இரவில் பனீரோ பாசிப்பருப்பு அடையோ என்று பிரித்துக் கொடுங்கள். "முட்டை சூடு, கோழி சூடு" என்று அம்மா சொல்லக்கூடும். உள்ளே கொதிப்பது ஹார்மோன் ஊசியால், முட்டையால் இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். கால்சியத்துக்குப் பாலும் தயிரும் மட்டுமில்லை, கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நல்லது.

சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பிச் சோற்றையும் பழத்தையும் நிறுத்தி, ஒரு மாதத்தில் ஆறு கிலோ இளைத்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். இளைத்ததில் பெரும்பகுதி தசை. எடை குறைவது வேண்டவே வேண்டாம். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரிலேயே எழுதுங்கள். முள் சீத்தா இலைக் கஷாயம் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் புற்றுநோய்க்கு மருந்து என்று விற்கிறார்கள். கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நடுக்க நோய் அதிகம் காணப்பட்டதாக 1999-இலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். நடக்கவைக்கப் பாடுபடும் அப்பாவுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

அபிராடெரோன் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: 1000 மில்லிகிராம் எழுதியிருந்தால் வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்து சாப்பிட ஒரு மணி நேரத்துக்கு முன். சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து பல மடங்கு ரத்தத்தில் ஏறிவிடும். அதையே பயன்படுத்தி 250 மில்லிகிராமை லேசான காலை உணவோடு கொடுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். இரண்டு முறையும் உண்டு, இரண்டையும் கலக்கக்கூடாது. உங்கள் டாக்டர் சொன்னது எது என்று சீட்டைப் பாருங்கள். கூடவே கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. ரத்த அழுத்தம் ஏறுகிறதா, கணுக்கால் வீங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பொட்டாசியம் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எலும்புக்கு ஜோலெட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடச் சொன்னால், அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

இனி எழுதுவதைத் தனியாக ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். முதுகில் புதிதாக வரும் வலி, படுத்தால் கூடும் வலி, இருமினால் தெறிக்கும் வலி, அதோடு கால் கனப்பது, மரத்துப்போவது, துவள்வது, சிறுநீரோ மலமோ அடைப்பது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது. இதில் எது வந்தாலும் அது தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் "எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி எம்.ஆர்.ஐ. கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை ஆரம்பித்தால் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுதாக விழுந்த பிறகு வந்தால் மீட்பது மிகக் கஷ்டம். "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்து நான்கு நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த நான்கு நாள் எனக்கு இன்றைக்கும் மனசைப் பிசைகிறது. இடுப்பிலோ தொடையிலோ பாரம் போட்டால் குத்தும் வலி வந்தாலும் நடையை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள். முதுகிலோ இடுப்பிலோ வலி இருக்கும் இடத்தில் மசாஜ், நெட்டி முறிப்பது எதையும் யாரையும் செய்ய விடாதீர்கள்.

வலி இருந்தால் நடக்க முடியாது, அதனால் வலியை அடக்குவதும் என் பயிற்சியின் பகுதி. டாக்டர் மார்ஃபின் எழுதினால் "கடைசிக் கட்டம்" என்று பயப்பட வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் மார்ஃபினோடு பல வருடம் தோட்ட வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தைக் கூடவே கேட்டு வாங்குங்கள். கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரைகள் பலவற்றைத் தினமும் போட்டால்தான் சிறுநீரகம் கெடக்கூடும். தமிழ்நாட்டில் 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபியும் வலித் தணிப்புச் சேவையும் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு என்ன நோய், எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை. பல வீடுகளில் "அவருக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க மேடம்" என்கிறார்கள். காலமெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எந்த எலும்பு பலவீனம் என்று தெரியாமல் எதைத் தூக்கக்கூடாது, எந்த வலியைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான பெரியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்துதான் இருக்கிறது, நம் முகத்தைப் பார்த்தே. பேசாமல் படுத்திருப்பதில் பாதி அசதி, பாதி அந்த மௌனம். இந்த ஹார்மோன் சிகிச்சையே மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதையும் மறக்காதீர்கள். அதற்கும் மருந்து உண்டு, கேளுங்கள்.

அம்மாவைத் திட்டாதீர்கள். அவரிடம் வேலையை மட்டும் மாற்றிக் கொடுங்கள். நாற்காலியில் எழுந்து உட்காரும்போது எண்ணுவது அவர் பொறுப்பாகட்டும். மாலையில் கூட நடக்கட்டும், அவருக்கும் எழுபதை நெருங்கியிருக்கும், அவருக்கும் நடை தேவை.

அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாருங்கள்: எந்தெந்த எலும்பு, அதில் முறியும் அபாயம் உள்ள இடம் ஏதாவது உண்டா, அந்தக் காலில் முழு பாரம் போடலாமா. பதிலை இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்து முதல் ஆறு வாரத்துக்கு என்ன செய்யலாம் என்று எழுதித் தருகிறேன். அதுவரை சொம்பை ஜன்னல் பக்கம் வையுங்கள்.